இளைஞர் முகாம்: பலன் தெரியும் இடம் வீடு

அல்ஹம்து லில்லாஹ். எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களின் வழி நடக்கும் நம் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்பிற்கினிய இளைஞர்களே! எல்லா நிலையிலும் அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு எனக்கும் உங்களுக்கும் வஸிய்யத் செய்தவனாக இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. இந்த விடுமுறையில் பல ஊர்களில் சிறு பிள்ளைகளுக்கு தீனிய்யாத் வகுப்புகள் நடந்தன. வளர்ந்த பிள்ளைகளுக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று தங்கிப் பயிலும் இளைஞர் தலைமைத்துவ முகாம்களும் நடந்தன. உங்களில் சிலர் அப்படி ஒரு முகாமுக்குப் போய் வந்திருக்கிறீர்கள். சிலர் பிள்ளையை அனுப்பி வைத்துவிட்டு, போனவன் என்ன கற்றுக்கொண்டு வந்தான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சில நாள் வெளியே தங்கிப் பயில்வதால் ஒருவன் உண்மையிலேயே வளர்கிறானா? வளர்ந்திருக்கிறான் என்பதை எங்கே பார்ப்பது? கடைசி நாளில் கொடுத்த சான்றிதழிலா? எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படத்திலா? நமக்கு எல்லாவற்றிலும் முன்மாதிரியான நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையிலேயே இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது.

நபிகளாரிடம் இருபது நாள் தங்கிய இளைஞர்கள்

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரழி) என்ற ஸஹாபி அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் பல இடங்களில் வருகிறது. அதன் கருத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

அவர்களும் அவர்களின் கூட்டத்தைச் சேர்ந்த சிலரும் மதீனாவுக்கு வந்தார்கள். எல்லோரும் இளைஞர்கள், ஏறத்தாழ ஒரே வயதினர். நபி (ஸல்) அவர்களிடம் இருபது நாட்கள் இரவும் பகலுமாகத் தங்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இரக்கமும் மென்மையும் உள்ளவர்களாக இருந்தார்கள் என்று மாலிக் (ரழி) அவர்கள் சொல்கிறார்கள். இருபது நாளில் கேட்ட பயான்களைப் பற்றி அவர்கள் முதலில் பேசவில்லை. ஆசிரியரின் இரக்கம்தான் அவர்கள் மனதில் முதலில் நிற்கிறது.

பிறகு என்ன நடந்தது? இந்த இளைஞர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் புரிந்துகொண்டார்கள். அவர்கள் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நபிகளாரே அறிந்துகொண்டார்கள். ஊரில் யார் யாரை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். இளைஞர்கள் சொன்னார்கள். இவ்வளவுதானா உங்கள் ஆர்வம் என்று நபிகளார் கேட்கவில்லை. உங்கள் குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லுங்கள், அவர்களோடு தங்கியிருங்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், அவர்களை ஏவுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் தொழுததைப் பார்த்தவாறே நீங்களும் தொழுங்கள் என்றும், தொழுகை நேரம் வந்தால் உங்களில் ஒருவர் பாங்கு சொல்லட்டும், உங்களில் மூத்தவர் இமாமாக நிற்கட்டும் என்றும் உபதேசித்தார்கள்.

பெரியோர்களே! தலைசிறந்த ஆசிரியர், தலைசிறந்த இடம், அடுத்தது வஹீ இறங்கும் காலம். மதீனாவிலேயே இருந்துவிட வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த இளைஞர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த வேலை மதீனாவில் இல்லை. அது அவர்களின் வீட்டில் இருந்தது. இருபது நாள் பயிற்சியின் முடிவாக வந்த முதல் கட்டளையே வீட்டுக்குப் போங்கள் என்பதுதான்.

இந்த ஹதீஸில் முகாமுக்கான பாடத்திட்டமே அடங்கியிருக்கிறது. ஒத்த வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றுக்கொள்ள அது உதவியது. அவர்கள் கற்றதைக் காதால் மட்டும் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தார்கள். பாங்கு சொல்ல ஒருவர், தொழ வைக்க ஒருவர் என்று போகும்போதே பொறுப்பும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மூத்தவர் ஏன் இமாமாக வேண்டும்? அவர்கள் எல்லோரும் கல்வியில் ஏறத்தாழ சமமாக இருந்தார்கள் என்று வேறு அறிவிப்புகளில் வருகிறது. கல்வி சமமாக இருக்கும்போது வயது முந்துகிறது.

பலன் என்ன ஆனது? பிற்காலத்தில் மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரழி) அவர்கள் பஸ்ராவில் வாழ்ந்தார்கள். அபூ கிலாபா (ரஹ்) என்ற தாபிஈ அறிவிக்கிறார்கள்: மாலிக் (ரழி) அவர்கள் நம் பள்ளிவாசலுக்கு வந்து, நபி (ஸல்) அவர்கள் எப்படித் தொழக் கண்டேனோ அதைக் காட்டுவதற்காகவே உங்களுக்குத் தொழுது காட்டுகிறேன் என்று சொல்லித் தொழுது காட்டினார்கள். இளமையில் இருபது நாளில் பார்த்ததை ஆயுள் முழுவதும் காத்து, நபிகளாரைக் காணாத அடுத்த தலைமுறையின் கண் முன்னால் வைத்தார்கள். இன்று நாம் தொழும் தொழுகையின் பல விவரங்கள் அவர்களின் அறிவிப்பு வழியாகவும் நம்மை வந்தடைந்திருக்கின்றன. சுப்ஹானல்லாஹ்!

தலைமை என்பது அமானத்

முகாம்களில் பிள்ளைகளிடம் நீங்கள்தான் நாளைய தலைவர்கள் என்று சொல்கிறோம். சொல்லலாம், தவறில்லை. ஆனால் தலைமை என்றால் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அபூதர் (ரழி) அவர்கள் எப்பேர்ப்பட்ட ஸஹாபி! தனக்கு ஒரு பதவி தரக்கூடாதா என்று அவர்கள் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களின் தோளில் தட்டி, நீர் பலவீனமானவர், இது அமானத், உரிய முறையில் எடுத்து அதன் கடமையை நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்களுக்கு இது கியாமத் நாளில் இழிவும் கைசேதமும் ஆகும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இது முஸ்லிமில் பதிவான ஹதீஸ்.

அதே நேரத்தில் நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவீர்கள் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஆட்சியாளரிலிருந்து, வீட்டில் கணவன், மனைவி, எஜமானின் பொருளைக் காக்கும் பணியாளர் வரை அந்த ஹதீஸில் வருகிறார்கள். பதவியைக் கேட்டு வாங்காதீர்கள். ஆனால் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் பொறுப்பிலிருந்து நழுவவும் செய்யாதீர்கள்.

அந்தப் பொறுப்பை நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிச் செய்து காட்டினார்கள்? அகழ்ப் போரில் ஸஹாபாக்களோடு சேர்ந்து மண் சுமந்தார்கள். அவர்களின் வயிற்றில் புழுதி படிந்திருந்ததைத் தோழர்கள் கண்டார்கள். வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்று அன்னையவர்கள் சொன்னார்கள். உம்மத்தின் தலைவர் வீட்டு வேலை செய்தார்கள் என்பதற்கு வீட்டிலிருந்தவர்களே சாட்சி.

முகாம் முடிந்து வந்த ஒரு பிள்ளையின் தாயார் தன் கணவர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பிய செய்தி இது: சாப்பிட்ட தட்டை இப்போது அவனே கழுவி வைக்கிறான், சொல்லாமலே செய்கிறான். முகாமில் அவரவர் தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும். மூன்று நாள் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்திருக்கிறது. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தத் தாயின் மனம் எவ்வளவு குளிர்ந்திருக்கும்! அந்தப் பிள்ளைக்கு அவர் எத்தனை துஆ செய்திருப்பார்!

வீட்டைத் திருத்தப் புறப்பட்ட பிள்ளை

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. ஒரு தகப்பனார் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். அவருடைய மகன் முகாமிலிருந்து வந்த மறுவாரமே, விருந்தினர் இருக்கும்போது அம்மா ஓதிய சூராவில் தஜ்வீத் பிழையைச் சுட்டிக்காட்டியிருக்கிறான். அத்தாவிடம், நீங்கள் செய்யும் வியாபாரத்தில் இது இது கூடாது என்று உறவினர்கள் முன்னால் சொல்லியிருக்கிறான். ஹஜ்ரத், நான் அவனை மாணவனாக அனுப்பினேன், அவன் நீதிபதியாகத் திரும்பி வந்திருக்கிறான், இனி அனுப்புவதாக இல்லை என்றார் அவர்.

இளைஞர்களே! அந்தப் பிள்ளை சொன்ன செய்தி சரியாகவே இருக்கலாம். சொன்ன விதத்தால் என்ன நடந்தது பாருங்கள். அம்மா இனி வாய்விட்டு ஓதத் தயங்குவார். அத்தா அடுத்த பிள்ளையை அனுப்பமாட்டார். ஒரு நன்மைக்கான கதவை நல்லதைச் சொல்லியே அடைத்துவிட்டான்.

இப்ராஹீம் (அலை) அவர்களைப் பாருங்கள். அவர்களின் தந்தை செய்தது தஜ்வீத் பிழை அல்ல, சிலை வணக்கம். அதைவிடப் பெரிய பாவம் உண்டா? ஆனாலும் மர்யம் சூராவில் 42 முதல் 45 வரையுள்ள ஆயத்துகளில், தந்தையிடம் பேசும் ஒவ்வொரு முறையும் 'யா அபதி', என் அருமைத் தந்தையே என்று அழைத்துத்தான் தொடங்குகிறார்கள். நான்கு ஆயத்துகளில் நான்கு முறை. உங்களுக்கு வராத கல்வி எனக்கு வந்திருக்கிறது என்கிறார்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லவில்லை. தந்தை கல்லால் அடிப்பேன் என்று மிரட்டி விரட்டியபோதும் ஸலாம் சொல்லி, உங்களுக்காக என் இறைவனிடம் பாவமன்னிப்புத் தேடுவேன் என்றுதான் விலகினார்கள்.

வீட்டாருக்குக் கற்றுக்கொடுங்கள் என்பதற்கு முன்னால், அவர்களோடு தங்கியிருங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அந்த இளைஞர்களுக்குச் சொன்னார்கள் அல்லவா? அந்த வரிசையை மறக்காதீர்கள். முதலில் வீட்டாரோடு இருங்கள். அம்மாவுக்கு மருந்து வாங்கி வாருங்கள். அத்தாவுடன் கடையில் நில்லுங்கள். உங்களிடம் வந்த மாற்றத்தை அவர்கள் முதலில் கண்ணால் பார்க்கட்டும். அதன்பின் தனியாக, மெதுவாகச் சொன்னால் கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

நான்காம் நாள் சுபுஹு

இளைஞர்கள் வெளியே சொல்லத் தயங்கும் இன்னொரு கவலை உண்டு. முகாமில் தஹஜ்ஜுத் தொழுதோம், அழுது துஆ கேட்டோம், செல்போனைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் சுபுஹு போய்விட்டது. அப்படியானால் அங்கே நாங்கள் அழுததெல்லாம் நடிப்பா என்று உள்ளுக்குள் குமைகிறார்கள்.

இந்தக் கவலை ஸஹாபாக்களுக்கே வந்தது. நபிகளாரின் எழுத்தர்களில் ஒருவரான ஹன்ளலா (ரழி) அவர்கள், ஹன்ளலா முனாஃபிக் ஆகிவிட்டான் என்று புலம்பியபடி அபூபக்ர் (ரழி) அவர்களைச் சந்தித்தார்கள். நாயகத்தின் சபையில் இருக்கும்போது சொர்க்கத்தையும் நரகத்தையும் கண்ணால் பார்ப்பதுபோல் இருக்கிறது, வீட்டுக்கு வந்து மனைவி மக்கள், சொத்து என்று ஈடுபட்டதும் பெரும்பகுதி மறந்துவிடுகிறது என்றார்கள். எங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று அபூபக்ர் (ரழி) அவர்களே சொன்னார்கள். இருவரும் நபிகளாரிடம் போனார்கள். என்னிடம் இருக்கும் நிலையிலேயே எப்போதும் இருப்பீர்களானால் மலக்குகள் உங்கள் படுக்கையிலும் பாதையிலும் வந்து முஸாஃபஹா செய்வார்கள், ஆனால் ஹன்ளலாவே, நேரத்துக்கு நேரம் வேறுபடும் என்ற கருத்தில் மூன்று முறை சொல்லி ஆறுதல் அளித்தார்கள்.

எனவே தம்பிகளே, முகாமில் இருந்த அந்த உணர்ச்சி குறைந்துவிட்டதே என்று நம்பிக்கை இழக்காதீர்கள். அது இயல்பு. ஆனால் அதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. இரவில் நின்று தொழுதுவிட்டுப் பின்பு விட்டுவிட்ட இன்னாரைப் போல ஆகிவிடாதீர் என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுக்கு நபிகளார் அறிவுரை சொன்னார்கள். உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப்போட்ட பெண்ணை நஹ்ல் சூராவின் 92-வது ஆயத்தில் அல்லாஹ் உவமையாகச் சொல்கிறான். உடன்படிக்கை செய்து முறிப்பவர்களுக்காகச் சொன்ன உவமை அது. முகாமின் கடைசி இரவில் அல்லாஹ்விடம் நீங்கள் கொடுத்த வாக்கும் ஓர் உடன்படிக்கைதானே?

வழி என்ன? அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல், குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்வதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். முகாமிலிருந்து பத்து நல்ல பழக்கங்களை எடுத்து வந்திருந்தால் அதில் இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுபுஹு ஜமாஅத் ஒன்று. தினமும் குர்ஆனில் ஒரு பக்கம் மற்றொன்று. உங்களோடு முகாமுக்கு வந்த ஒரு நண்பரை ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரவில்லை என்றால் நீங்கள் போய் எழுப்புங்கள், நீங்கள் வரவில்லை என்றால் அவர் வரட்டும். குகைவாசிகளும் தனி ஆளாக இருக்கவில்லை. தம் இறைவனை நம்பிய இளைஞர் கூட்டமாக இருந்தார்கள், அவர்களுக்கு அல்லாஹ் நேர்வழியை மேலும் அதிகமாக்கினான்.

ஊர் செய்ய வேண்டியது என்ன?

பெரியோர்களே! முத்தவல்லி அவர்களே! நிர்வாகிகளே! இது நமக்கான பகுதி.

அம்ர் இப்னு ஸலமா (ரழி) அவர்களின் சம்பவம் புகாரியில் இருக்கிறது. அவர்களின் கூட்டத்தார் மக்கள் கடந்து போகும் ஒரு நீர்நிலை அருகில் வசித்தார்கள். வழிப்போக்கர்கள் சொல்லும் குர்ஆன் வசனங்களை இந்தச் சிறுவர் கேட்டுக் கேட்டு மனனம் செய்துகொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அந்தக் கூட்டம் இஸ்லாத்தை ஏற்றது. குர்ஆன் அதிகம் தெரிந்தவர் தொழ வைக்கட்டும் என்ற நபிகளாரின் கட்டளையோடு அவரின் தந்தை திரும்பி வந்தார். தேடிப் பார்த்தால் அந்தச் சிறுவரைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை. அவரையே முன்னால் நிறுத்தினார்கள். வயது ஆறு அல்லது ஏழு!

சிறுவரின் இமாமத் ஷாஃபிஈ மத்ஹபில் கூடும், ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளுத் தொழுகையில் பெரியவர்களுக்கு இமாமாகக் கூடாது என்ற ஃபிக்ஹு சட்டம் தனி. இங்கே நான் சுட்டிக்காட்ட விரும்புவது அடுத்து நடந்ததை. அவர் உடுத்தியிருந்த ஆடை சிறியது. ஸுஜூது செய்யும்போது மேலே ஏறிவிட்டது. ஒரு பெண்மணி, உங்கள் ஓதுபவரின் பின்பகுதியை மறைக்க மாட்டீர்களா என்று கேட்டார். அந்த ஊரார் சிறுவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, முன் ஸஃப்பிலிருந்து பின்னால் அனுப்பவும் இல்லை. துணி வாங்கி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையால் மகிழ்ந்ததுபோல் வேறு எதனாலும் நான் மகிழ்ந்ததில்லை என்று பிற்காலத்தில் அவர்கள் சொன்னார்கள்.

நம் பிள்ளைகளும் முகாமிலிருந்து வரும்போது கொஞ்சம் குட்டையான ஆடையோடுதான் வருவார்கள். அனுபவம் குறைவு, பேச்சில் வேகம், கணக்கில் தடுமாற்றம். குறையைக் கண்டால் விலக்கிவிடாதீர்கள். சட்டை தைத்துக் கொடுங்கள். நோன்புக் கஞ்சி விநியோகத்தை ரமளானில் அவர்கள் பொறுப்பில் விடுங்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றால் போதும். மக்தப் பிள்ளைகளின் வருகைப் பதிவை அவர்கள் பார்க்கட்டும். வீடு வீடாகச் சந்தா வாங்கப் போகும்போது ஓர் இளைஞரையும் அழைத்துப் போங்கள். எந்த வீட்டில் கஷ்டம் இருக்கிறது என்பதை அவர் நேரில் பார்ப்பார். மையித்தைக் குளிப்பாட்டவும் கஃபன் இடவும் கற்றுக்கொடுங்கள். இன்று இதைச் செய்யும் பெரியவர்களுக்குப் பிறகு நம் ஜனாஸாவைக் குளிப்பாட்ட யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உஸாமா இப்னு ஸைத் (ரழி) அவர்களை ஏறத்தாழ 18 வயதில் நாயகம் (ஸல்) அவர்கள் படைத்தளபதியாக்கினார்கள். சிலர் குறை பேசியபோது, அவர் தகுதியானவரே என்று நபிகளாரே சொன்னார்கள். நபிகளாரின் வஃபாத்துக்குப் பின் அந்தப் படையை வழியனுப்பிய கலீஃபா அபூபக்ர் (ரழி) அவர்கள், வாகனத்தில் இருந்த உஸாமாவுக்குப் பக்கத்தில் நடந்தே சென்றார்கள். உமர் (ரழி) அவர்களை மதீனாவில் என்னோடு விட்டுச் செல்வீரா என்று அந்த இளைஞரிடம் அனுமதி கேட்டார்கள். கலீஃபா உத்தரவிட்டிருக்கலாம், ஆனால் அனுமதி கேட்டார்கள். ஓர் இளைஞனிடம் பொறுப்பைக் கொடுத்தால் அதற்குரிய கண்ணியத்தையும் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

பெண் பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. ஆண்கள் உங்களிடம் எங்களை முந்திவிட்டார்கள், எங்களுக்கென ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பெண்கள் கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாளை ஒதுக்கி உபதேசம் செய்தார்கள். நம் மஹல்லாவில் பெண் பிள்ளைகளுக்கு ஆலிமாக்களைக் கொண்டு அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்பதையும் நிர்வாகம் யோசிக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முகாமுக்குப் போய் வந்த இளைஞர்களே! இன்று அஸருக்குப் பின் உங்கள் அம்மாவிடம் போய், என்னால் உங்களுக்கு எந்த வேலையைக் குறைக்க முடியும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் வேலையை அடுத்த முகாம் வரை விடாமல் செய்யுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளையிடம் நல்ல மாற்றம் ஒன்றைக் கண்டால் வாயால் சொல்லுங்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்கள் இளைஞராக இருந்தபோது, அப்துல்லாஹ் நல்ல மனிதர், இரவில் தொழுதால் இன்னும் நன்றாக இருக்கும் என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதன்பின் அவர்கள் இரவில் கொஞ்ச நேரமே தூங்கினார்கள். ஒரு பாராட்டு, அதற்குள் ஓர் அறிவுரை. ஓர் ஆயுள் மாறியது. முகாமுக்குப் போயும் இப்படித்தானா என்ற ஒரு சொல் மட்டும் வேண்டாம். அது பிள்ளையின் மனதை ஒடித்துவிடும்.

அந்த வருத்தப்பட்ட தகப்பனாரிடம் நான் சொன்னதும் இதுதான்: பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் மார்க்கத்தின் மீது அக்கறை வந்திருக்கிறது, அக்கறையை அணைத்துவிடாமல் அதபைக் கற்றுக்கொடுங்கள், அடுத்த முறையும் அனுப்புங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! இளமையிலேயே உன் வணக்கத்தில் வளர்ந்து, நிழலே இல்லாத நாளில் உன் அர்ஷின் நிழலைப் பெறும் கூட்டத்தில் அவர்களைச் சேர்ப்பாயாக! அவர்கள் கற்றதை வீட்டில் வாழ்ந்து காட்டும் தவ்ஃபீக்கை அவர்களுக்கும், அவர்களைத் தாங்கி வளர்க்கும் பொறுமையை எங்களுக்கும் தருவாயாக! பொறுப்பு எங்கள் கையில் இருக்கும்போது அதை அமானத்தாகக் காக்கவும், அடுத்த தலைமுறையிடம் மனமுவந்து ஒப்படைக்கவும் எங்களுக்கு அருள் செய்வாயாக! ஆமீன். ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.